கூத்து மேடையில் பதிவு மென்பொருளுக்கு என்ன வேலை?

சென்ற பருவத்தில் நான் பணியாற்றும் கல்லூரியில் தமிழ்த்துறையின் சார்பில் தெருக்கூத்து ஒன்று நிகழ்ந்தது. 'கர்ண மோட்சம்'. விடிய விடிய ஆட வேண்டியதை இரண்டரை மணி நேரத்துக்குச் சுருக்கித் தரச் சொன்ன குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. அதைப் பிறிதொரு சமயம் பேசலாம். அந்தக் கூத்தின் காணொளியைப் பார்த்தவர்கள் பலரும் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு தொடர்தான் இதை எழுத வைக்கிறது: "பெரியவருக்குத் தாளம் நிற்கவில்லை." சொன்னவர்களில் தமிழ் படித்தவர்கள் உண்டு, இசை கேட்டுப் பழகியவர்களும் உண்டு. நிர்வாகத்தில் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், அடுத்த ஆண்டு "சற்று இளைய குழுவாகப் பார்க்கலாமே" என்று எழுத்து மூலமாகவே ஆலோசனை கூறியிருக்கிறார்.

நாற்பதாண்டுகளாகக் கட்டை கட்டி ஆடுகிறவருக்குத் தாளம் நிற்கவில்லையாம். தாளம் தவறியது உண்மை. நான் முன்வரிசையில் இருந்தேன், மறுக்கவில்லை. ஆனால் தவறச் செய்தது அவருடைய வயது அன்று. மேடைக்கு இடப்புறம் ஒரு மேசையின்மேல் விரித்து வைத்திருந்த மடிக்கணினி. அதில் ஓடிக்கொண்டிருந்த பதிவு மென்பொருள். அதைக் கலவை மேசையாகப் பயன்படுத்தலாம் என்று முடிவெடுத்த நம்முடைய அறியாமை. இந்த மூன்றையும் விட்டுவிட்டு ஒரு கலைஞனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறோம்.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் முப்பது ஆண்டுகளாக மைக் செட் வைத்திருக்கும் ஒருவர் உண்டு. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் அவர்தான். பன்னிரண்டு வழி மிக்சர் ஒன்று வைத்திருக்கிறார். அதன் எழுத்துகள் தேய்ந்து எந்தத் திருகு எதற்கு என்பது அவருக்கு மட்டுமே தெரியும். எங்கள் விழாக்களுக்கும் அவரே வந்துகொண்டிருந்தார். இம்முறை, வாடகை எதற்கு, நம்மிடமே மடிக்கணினி இருக்கிறது, எட்டு மைக் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் இருக்கிறது, வீட்டில் ஒலிப்பதிவு செய்து பழகிய மாணவன் இருக்கிறான், நிகழ்ச்சியும் ஆயிற்று, பதிவும் ஆயிற்று, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று ஒரு யோசனை எழுந்தது. கூட்டத்தில் யாரும் எதிர்க்கவில்லை. நானும்தான்.

அந்த மாணவனை இங்கே குறை சொல்ல வரவில்லை. கெட்டிக்காரன். அவன் அறையில் செய்த ஒலிப்பதிவுகளைக் கேட்டிருக்கிறேன்; நேர்த்தியானவை. அந்த நேர்த்திக்கான கருவியையே அவன் மேடைக்கும் கொண்டு வந்தான். அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

திரையில் பார்க்கிறவருக்கு ஐயமே எழாது. பதிவு மென்பொருளைத் திறந்தால் கலவை மேசையின் படம் அப்படியே விரிகிறது: மேலும் கீழும் நகரும் ஃபேடர்கள், திருகுகள், பச்சையும் சிவப்புமாய்த் துள்ளும் அளவுமானிகள். படம் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என எண்ணிவிடுகிறோம். மைக் செட்காரரின் மிக்சரில் குரல் மின்னோட்டமாக நுழைந்து மின்னோட்டமாகவே வெளியேறுகிறது. நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் இடையே காது அறியக்கூடிய காலம் எதுவும் இல்லை. மென்பொருளில் அப்படியில்லை. குரல் முதலில் எண்களாக வெட்டப்படுகிறது. வழக்கமாக நொடிக்கு 44,100 அல்லது 48,000 துணுக்குகள். ஒவ்வொரு துணுக்காகக் கணினி கையாள்வதில்லை. அதற்கு வேறு வேலைகளும் உண்டல்லவா? ஆகவே ஒரு வாளி வைத்து, நிரம்பியபின் மொத்தமாக அள்ளுகிறது. இந்த வாளிக்குப் பஃபர் என்று பெயர். வாளி சிறிதென்றால் தாமதம் குறைவு. ஆனால் கணினி மூச்சுத் திணறும், ஒலியில் பொரி வெடிப்பது போன்ற சத்தம் வரும். வாளி பெரிதென்றால் கணினிக்கு நிம்மதி, ஆனால் ஒலி தாமதிக்கும். மேடையில் 'பொரி' கேட்டுவிடக்கூடாது என்று அஞ்சி மாணவன் 512 துணுக்கு கொள்ளும் வாளியை வைத்திருந்தான். 48,000 என்னும் கணக்கில் இது 10.7 மில்லிநொடி. உள்ளே ஒரு வாளி, வெளியே ஒரு வாளி. ஆக 21 மில்லிநொடிக்குச் சற்று மேல். இதற்குப் பிறகும் ஒன்று இருக்கிறது. எங்கள் அரங்கின் மின்விசிறிகள் இரைச்சலுக்குப் பேர் போனவை. அந்த இரைச்சலை நீக்க, கர்ணனாக ஆடியவரின் மைக்கில் ஒரு பிளக்-இன் சேர்த்திருந்தான். இரைச்சல் எது குரல் எது என்று பிரித்தறிய, அது ஒலியைச் சிறிது நேரம் பிடித்து வைத்துக்கொண்டு ஆராய வேண்டும். பிடித்து வைத்தது 2,048 துணுக்கு. ஏறத்தாழ 43 மில்லிநொடி.

இங்கேதான் பதிவு மென்பொருளின் உண்மையான இயல்பு வெளிப்படுகிறது. ஒரு தடத்தில் 43 மில்லிநொடி தாமதம் வந்துவிட்டால் அது என்ன செய்யும்? மற்றத் தடங்கள் முந்திக்கொள்ளக் கூடாதே என்று எல்லாத் தடங்களையும் அதே அளவுக்குத் தாமதப்படுத்தும். ஒருவன் நொண்டினால் ஊரே நொண்டி நடக்க வேண்டும் என்பதுபோல. ஒலிப்பதிவு அறையில் இது மிகப் பெரிய நற்குணம். இதனால்தான் பதிவில் எல்லா வாத்தியங்களும் ஒத்துப் போகின்றன. மேடையில்? மத்தளம், ஆர்மோனியம், முகவீணை, பின்பாட்டு, கைத்தாளம் அனைத்தும் அந்த ஒரு பிளக்-இன்னுக்காகப் பின்னால் நின்றன. கூட்டிப் பார்த்தால் 64 மில்லிநொடி.

"அறுபத்து நான்கு மில்லிநொடியெல்லாம் ஒரு தாமதமா? கண் இமைப்பதற்குள் போய்விடும்" என்றார் சக ஆசிரியர் ஒருவர். கண்ணிமைப்பையே அளவாக வைத்து எழுத்தின் ஒலியை அளந்த இலக்கணத்தை நாள்தோறும் நடத்துகிறவர்கள் நாம். தொல்காப்பியர் மாத்திரைக்குச் சொன்ன அளவு இயல்பாகக் கண் இமைக்கும் பொழுது, கை நொடிக்கும் பொழுது. அதில் பாதியை ஒற்றுக்கும் குற்றியலுகரத்துக்கும் கொடுத்தார். அதிலும் பாதியை, கால் மாத்திரையை, மகரக்குறுக்கத்துக்குக் கொடுத்தார். இமைப்பொழுதைத் தோராயமாகக் கால் நொடி என்று வைத்துக்கொண்டால், கால் மாத்திரை என்பது 62 மில்லிநொடி அளவில் வந்து நிற்கிறது. கால் மாத்திரையைக் காதால் கேட்டுப் பெயரிட்டு இலக்கணத்தில் வைத்த மொழியின் ஆசிரியர்கள் அந்தக் கால் மாத்திரையை "ஒரு தாமதமா" என்று கேட்கிறோம். தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாக மட்டும் அதைப் படித்ததன் விளைவு.

வேறு விதமாகவும் அளக்கலாம். ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்கிறது. 64 மில்லிநொடியில் 22 மீட்டர். தன் காலடியிலிருக்கும் மானிட்டர் பெட்டியிலிருந்து வரும் தன் குரலையும் தாளத்தையும், 22 மீட்டருக்கு அப்பாலிருந்து யாரோ திருப்பிச் சொல்வதுபோல் அந்தக் கலைஞர் கேட்டுக்கொண்டிருந்தார். அதே மத்தளத்தின் நேரடி ஒலியோ மூன்று மீட்டர் பின்னாலிருந்து ஒன்பது மில்லிநொடிக்குள் அவரை எட்டிவிடுகிறது. அவருக்கு அன்று இரண்டு மத்தளங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு என்னும் விரைவில் ஒரு தட்டுக்குள் 'தகதிமி' நான்கு சொற்களும் விழுந்தால், சொல்லுக்குச் சொல் 125 மில்லிநொடி இடைவெளி. தாமதமோ அதில் சரிபாதி. இரண்டு அடிகளுக்கு நட்டநடுவே, இல்லாத ஓர் அடி விழுந்துகொண்டே இருந்தது. சலங்கை கட்டிய கால் எந்த அடிக்கு விழ வேண்டும்?

மெதுவான பகுதிகளில் ஒருவாறு சமாளித்தார். திரைக்குப் பின்னிருந்து பாடி வந்தபோது மானிட்டரை விட்டுத் தள்ளியிருந்தார், பிசகே இல்லை. திரை விலகி முன்னே வந்தார். பெட்டி எதிரில் வந்தது. பொன்னுருவியோடு தர்க்கம் தொடங்கி வேகம் கூடக் கூட அவர் முகத்தில் ஒரு குழப்பம் தெரிந்தது. ஒரு கட்டத்தில் ஆடிக்கொண்டே காலால் அந்தப் பெட்டியைத் திருப்பி வைத்தார். பார்வையாளர்கள் அது கர்ணனின் கோபம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்! பின்பாட்டுக்காரர் மத்தளக்காரரின் கையைப் பார்த்துப் பாடத் தொடங்கினார், காதை நம்ப முடியாமல். கட்டியக்காரன் வசனத்துக்குள்ளேயே ஒரு வரி சேர்த்தான்: "மகாராஜா, இந்த ஊர்ல பேசினா மறுவீட்டுக்குப் போயிட்டுத்தான் திரும்பி வருது." அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். அது நகைச்சுவை இல்லை, முறையீடு என்று எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது.

மாணவனுக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்திருக்கிறது. ஆனால் என்ன செய்ய முடியும்? ஒரு சுட்டி, ஒரு திரை, எட்டுத் தடங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஃபேடரைத்தான் பிடிக்க முடியும். மைக் செட்காரர் பத்து விரலையும் மிக்சர்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மேடையில் வைத்திருப்பார். இவன் கண் திரையில் இருந்தது. இடையில் மைக் ஊளையிட்டது. எந்த மைக் என்று கண்டுபிடிக்க அவன் தடம் தடமாய்ச் சொடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் பாதி அரங்கம் காதைப் பொத்திக்கொண்டது. இடைவேளையில் பெரியவர் என்னிடம் வந்து மெல்லச் சொன்னார்: "ஐயா, எங்களுக்கு எதிர்ல வச்ச பொட்டிய அணைச்சிடச் சொல்லுங்க. நாங்க பாத்துக்கறோம்." அணைத்தோம். பிற்பாதியில் தாளம் பிசகவில்லை. ஆனால் கர்ணனின் இறுதிக் காட்சியில் அவர் குரல் உடைந்திருந்தது. தன் குரல் தனக்குக் கேட்காமல் முக்கால் மணி நேரம் கத்தியதன் பயன்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நாம் எல்லோரும் பாடம் நடத்தியிருக்கிறோம். அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டு கோல், உயரம் ஒரு கோல் என்று வகுப்பில் மனப்பாடமாகச் சொல்வோம். அதே காதையில் வாத்தியங்கள் ஒலித்த முறையையும் இளங்கோ சொல்கிறார். குழலைத் தொடர்ந்து யாழ், யாழைத் தொடர்ந்து தண்ணுமை, தண்ணுமையைத் தொடர்ந்து முழவு, முழவோடு ஆமந்திரிகை. 'பின்னணி இசை நன்றாக இருந்தது' என்று ஒரு வரியில் சொல்லி முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. எது எதைக் கேட்டு நின்றது என்று வரிசை சொன்னார். ஒன்றைக் கேட்டு ஒன்று நிற்பதுதான் கூட்டிசை. கூத்து மேடையில் அந்த வரிசை இன்றும் அப்படியே இருக்கிறது: ஆடுகிறவர் அடியை எடுத்துக் கொடுக்க, பின்பாட்டு அதன் வாலைப் பற்ற, ஆர்மோனியமும் முகவீணையும் அதை நீட்ட, மத்தளம் முடித்து வைக்கிறது. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் கால் மாத்திரை தாமதத்தைச் சொருகினால் சங்கிலி எங்கே நிற்கும்?

நிற்க. இத்தனையும் ஒரு மாலை நேரத்துத் தொழில்நுட்பக் கோளாறு என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மேடையில் கோளாறு வருவது புதிதில்லை. என்னை எழுத வைத்தது அதற்குப் பின் நடந்தது. அந்த மாலையில் ஓடியது பதிவு மென்பொருள் அல்லவா? பதிவு அதன் பிறவிக் கடமை. அதைச் செம்மையாகச் செய்திருந்தது. பதிவாகும்போது ஒவ்வொரு தடத்திலும் எவ்வளவு தாமதம் என்று கணக்கிட்டு, அதைக் கழித்து, எல்லாவற்றையும் உரிய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டது. மானிட்டரில் அவர் கேட்ட அந்த இரண்டாவது மத்தளம் பதிவில் தனித்து இல்லை. ஆகவே காணொளியில் என்ன தெரிகிறது? மத்தளம் சுத்தமாக ஒலிக்கிறது, ஆர்மோனியம் சுத்தமாக ஒலிக்கிறது, நடுவில் ஒரு முதியவர் காரணமே இல்லாமல் தடுமாறுகிறார். அவரைத் தடுமாறச் செய்த பொருள் தன் தடயத்தைத் துடைத்துவிட்டு, அவருடைய தடுமாற்றத்தை மட்டும் துல்லியமாக ஆவணப்படுத்தியிருக்கிறது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. மாணவனோடு உட்கார்ந்து எட்டுத் தடங்களையும் ஒவ்வொன்றாகக் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டேன். ஆடுகிறவரின் மைக்கில் இரைச்சல் நீக்கியை அணைத்துவிட்டுக் கேட்டபோது, அவர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில், அடியாழத்தில், மிக மெலிதாக அது இருந்தது: மானிட்டரிலிருந்து அவர் மைக்குக்குள் கசிந்த மத்தள ஒலி. அசல் மத்தளத் தடத்துக்குப் பக்கத்தில் வைத்து அளந்தோம். முதற்பாதி முழுவதும் அது பிந்தியே வருகிறது. பிற்பாதியில், மானிட்டரை அணைத்த இடத்திலிருந்து, இல்லை. மாணவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "சார், என் அறையில நான் தனியாத்தானே பாடுவேன், பாடிட்டுத்தானே கேட்பேன்" என்றான். கருவியின் இயல்பை அவனைவிடச் சுருக்கமாக நான் சொல்ல முடியாது.

இனி எதிர்வாதங்கள். நண்பர்களிடம் இதைப் பேசியபோது வந்தவை.

"இன்றைய மேடைகளில் இருப்பதெல்லாம் டிஜிட்டல் மிக்சர்தானே, அதுவும் கணினிதானே?" வலுவான கேள்வி, முதலில் எனக்கும் இதுவே தோன்றியது. ஆம், அதுவும் எண்களாகத்தான் வெட்டுகிறது. ஆனால் அதனுள் இருக்கும் சில்லுகளுக்கு ஒலியைக் கடத்துவதைத் தவிர வேறு வேலை இல்லை. மின்னஞ்சல் பார்க்காது, தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள நடுவில் அனுமதி கேட்காது. உள்ளே நுழைந்த குரல் ஓரிரு மில்லிநொடியில் வெளியே வந்துவிடும். அரை மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். எந்தக் கலைஞனும் அதை உணரமாட்டான். இத்தகைய மேசைகள் பெரும் அரங்குகளுக்கு மட்டுமே உரியவையாக இருந்த காலமும் போய்விட்டது. பெஹ்ரிங்கர் நிறுவனம் 2012இல் எக்ஸ்32 என்னும் மேசையைக் கொண்டுவந்தபின் சிறு அரங்குகளுக்கும் அவை எட்டத் தொடங்கின. அதோடு, அந்த மேசையிலிருந்து ஒரே யூஎஸ்பி வடத்தில் 32 தடங்களை மடிக்கணினிக்கு அனுப்பிப் பதிவு செய்துகொள்ளலாம். நிகழ்வுக்கு மேசை, பதிவுக்கு மென்பொருள். ஒன்றன் வேலையில் மற்றொன்று குறுக்கிடாது. நாம் ஆசைப்பட்ட இரண்டு மாங்காயும் அங்கே கிடைக்கின்றன. கல் மட்டும் வேறு.

"மென்பொருளைக் கொண்டே மேடைக் கலவை செய்கிறவர்கள் உலகில் இல்லையா?" இருக்கிறார்கள். ஏப்ள்டன் நிறுவனம் 2001இல் வெளியிட்ட மென்பொருளுக்கு 'லைவ்' என்றே பெயர். ஆனால் அது மேடையில் பெரும்பாலும் வாத்தியமாகப் பயன்படுகிறது. அதை இயக்குபவரே கலைஞர். மேடைக் கலவைக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்களும் உண்டு. வேவ்ஸ் நிறுவனத்தின் எல்வி1 ஓர் எடுத்துக்காட்டு. அதில் ஒலியைக் கையாளும் சுமை மடிக்கணினியின் தலையில் விழுவதில்லை, அதற்கென்று தனியே ஒரு கணினி இணைக்கப்படுகிறது. சாதாரணப் பதிவு மென்பொருளைக்கூட, வாளியை 64 துணுக்குக்குக் குறைத்து, தாமதிக்கும் பிளக்-இன் எதையும் அண்டவிடாமல், வேறெந்த வேலையும் செய்யாத கணினியில், கையால் பிடிக்கக்கூடிய ஃபேடர் பலகை ஒன்றையும் இணைத்து ஓட்டினால் சமாளிக்கலாம். பல இன்டர்ஃபேஸ்களில் கணினிக்குள் போகாமலேயே மைக்கின் ஒலியை மானிட்டருக்கு அனுப்பும் வழியும் இருக்கிறது. இவற்றையெல்லாம் அறிந்தவர் அந்த மேசையில் உட்காரட்டும், நான் எழுந்து வழிவிடுகிறேன். அப்படி அறிந்தவர் கையிலிருந்து அல்ல, 'வாடகை மிச்சம்' என்ற கணக்கிலிருந்து வந்தது எங்கள் முடிவு. தமிழகத்துக் கல்லூரிகளில் இனி வரப்போகும் முடிவுகளும் பெரும்பாலும் அந்தக் கணக்கிலிருந்தே வரும் என்று அஞ்சுகிறேன்.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மின்சாரம் போனால் மடிக்கணினி அணையாது. மைக் செட்காரரின் மிக்சர் அணைந்துவிடும். அந்த ஒரு விஷயத்தில் மடிக்கணினிக்கே வெற்றி. ஒலிபெருக்கிகளும் சேர்ந்து அணைந்துவிடுகின்றன என்பதால் அந்த வெற்றியை எவரும் கேட்க முடியாது.

என்னைச் சினங்கொள்ள வைத்த வாதம் வேறு. "கலைஞர்கள் புதிய தொழில்நுட்பத்துக்குத் தங்களைத் தகவமைத்துக்கொள்ள வேண்டாமா?" தகவமைத்துக்கொள்ளவில்லை என்று யார் சொன்னது? தீவட்டி வெளிச்சத்திலிருந்து பெட்ரோமாக்ஸுக்கு, அதிலிருந்து குழல் விளக்குக்கு. மைக்கே இல்லாத களத்திலிருந்து தலைக்குமேல் தொங்கும் மைக்குக்கு, அதிலிருந்து மார்பில் குத்தும் மைக்குக்கு. ஒவ்வொரு முறையும் தகவமைத்தவர்கள் அவர்கள்தாம். மைக் எங்கே தொங்குகிறதோ அங்கே வந்து பாடிவிட்டு விலகிப் போய் ஆடும் ஓர் அசைவையே புதிதாக உருவாக்கிக்கொண்டார்கள். ஆனால் தன் குரலைத் தாமதமாகக் கேட்பதற்கு மனித உடல் தகவமைவதில்லை. பெர்னார்டு லீ என்பவர் 1950இல் இதை ஆராய்ந்து எழுதினார். பேசுகிறவரின் குரலையே சற்றுப் பிந்தி அவர் காதில் ஒலிக்கச் செய்தால் பேச்சு குழறுகிறது, இழுபடுகிறது, அசைகள் இரட்டிக்கின்றன. ஏறத்தாழ 200 மில்லிநொடி தாமதத்தில் குழறல் மிகுதி. வெறும் பேச்சுக்கே இந்தக் கதி. 64 அதைவிடக் குறைவுதான். ஆனால் பாட்டும் ஆட்டமும் தாளமும் ஒருங்கே ஓர் உடலில் நிகழும்போது அவ்வளவே போதும் என்பதற்கு எங்கள் மேடையே சாட்சி. இதற்குத் தகவமைத்துக்கொள் என்று ஒரு கலைஞனிடம் சொல்வது, காதை மூடிக்கொண்டு பாடு என்று சொல்வதற்குச் சமம். அன்று அவர் செய்ததும் அதுதான். மானிட்டரை அணைக்கச் சொன்னார்.

செலவு குறித்த வாதத்துக்கு மட்டும் நான் தலைவணங்குவேன், ஆனால் யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து. கையில் காசில்லாத ஒரு நாடகக்குழு, ஒரு வாசகசாலை, தங்களிடமிருக்கும் பழைய மடிக்கணினியைக் கொண்டு நான்கு மைக்கை ஒப்பேற்றினால் அதில் குறை காண எனக்கு உரிமையில்லை. சொற்பொழிவென்றால் பெரிய கேடும் இல்லை. பேச்சாளர் மானிட்டர் கேட்பதில்லை. நான் பேசுவது, வரவேற்பு வளைவுக்கும் பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழித்துவிட்டு ஒலிக்கு மட்டும் சிக்கனம் பிடிக்கும் நிறுவனங்களைப் பற்றி. அன்று எங்கள் மேடையில் போர்த்தப்பட்ட பொன்னாடைகளை எண்ணினேன்: பதினொன்று. கூத்தர்களுக்குக் கிடைத்தது அவற்றில் ஒன்று.

மைக் செட்காரரை அண்மையில் கடைத்தெருவில் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். அவருக்குப் பஃபரும் தெரியாது, பிளக்-இன்னும் தெரியாது. கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "மொதல்ல வாத்தியார நிக்க வச்சு, கேக்குதான்னு கேட்டீங்களா சார்?" கூத்தில் குழுத்தலைவரை வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். எந்த ஊர் நிகழ்ச்சியானாலும், பெட்டிகளை இறக்கியதும் அவர் முதலில் செய்வது மேடையில் ஏறி, பாடுகிறவர் நிற்கும் இடத்தில் தான் நின்று, தன் காதால் கேட்பது. பிறகு கலைஞரை நிறுத்தி, ஒரு அடி பாடச் சொல்லிக் கேட்பது. எங்கள் நிகழ்ச்சியில் அந்த அரை மணி நேரத்தைச் சிறப்பு விருந்தினரின் வரவேற்பு எடுத்துக்கொண்டிருந்தது.

காணொளியைக் கல்லூரித் தளத்திலிருந்து நீக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். நீக்க முடியாதென்றால், முதற்பாதியில் மேடையில் கேட்ட ஒலி வேறு, இதில் கேட்கும் ஒலி வேறு என்று அதன் கீழ் இரண்டு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். மாணவனும் அதில் கையெழுத்திட்டிருக்கிறான். பெரியவரோடு தொலைபேசியில் பேசினேன். தவறு அவருடையதில்லை என்று விளக்கினேன். "அது எங்களுக்கு அப்பவே தெரியுங்க ஐயா" என்றார். வரும் பருவத்து விழாவுக்கான செலவுப் பட்டியலில் 'மைக் செட் வாடகை' என்று ஒரு வரியும், 'ஒலிச் சோதனை, மாலை நான்கு மணி முதல்' என்று நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழு அதே குழு. பட்டியல் இன்னும் கையொப்பமாகித் திரும்பவில்லை.